லோரிக்கு எந்த டயர்?



நம் தோட்டங்களில் இன்று லோரியோடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. ஒரு வீட்டில் தந்தை தோட்டத்து லோரியை ஓட்டுகிறார். இன்னொரு வீட்டில் மகன் குத்தகைக்காரரிடம் உதவியாளாய்ப் போகிறார். துணிந்த சிலர் சொந்தமாகவே ஒரு பழைய லோரியை வாங்கிச் செம்பனைக் குலை ஏற்றுகிறார்கள். அப்படி வாங்கிய ஒரு குடும்பத்தின் கதையோடு இன்றைய பேச்சைத் தொடங்குவோம்.

நம்மிடம் ஆறாம் வகுப்பு வரை படித்த மாணவர் அவர். தந்தை நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். ஓய்வு பெற்றதும் கைக்கு வந்த சேமநிதிப் பணத்தில் பெரும்பகுதியை முன்பணமாகக் கட்டி, மகனுக்கு ஆறு சக்கர லோரி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். மிச்சத் தொகை மாதத் தவணை. முதலாண்டு முடிவதற்குள் அந்த லோரிக்கு ஒன்பது டயர்கள் மாற்ற வேண்டியதாயிற்று. இரண்டு மாதத் தவணை நின்றது. தாயாரின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. அப்பொழுதுதான் அந்த இளைஞர் ஒரு பை நிறைய இரசீதுகளை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். “ஐயா, லோரி நன்றாகத்தான் ஓடுகிறது. காசுதான் நிற்க மாட்டேன் என்கிறது. எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

இரசீதுகளை மேசையில் பரப்பினோம். ஓட்டை இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று டயர், மற்றொன்று டீசல். இரண்டும் வேறு வேறல்ல, ஒரே ஓட்டைதான் என்பது பிறகு விளங்கிற்று. அது எப்படி என்பதைத்தான் இன்று உங்களுக்கு எடுத்துச் சொல்லப் போகிறோம்.

முதலில், டயர் எதனால் ஆனது என்று பார்ப்போம். நம் முன்னோர் விடியற்காலையில் எழுந்து வெட்டிய பால்தான் அதில் பெரும்பங்கு. பிரேசில் நாட்டு விதைகளை விக்கம் என்பவர் 1876-இல் இலண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. சில கன்றுகள் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரைச் செய்தார். பிறகு மோட்டார் வண்டி பெருகப் பெருக, ரப்பர்க் காடும் பெருகிற்று. இன்று எண்ணெயிலிருந்து செய்யும் செயற்கை ரப்பர் வந்துவிட்டது. ஆனால் லோரி டயரில் மட்டும் இயற்கை ரப்பரின் பங்கு கார் டயரைவிட மிகுதியாகவே இருக்கிறது. காரணம் உண்டு. இயற்கை ரப்பர் மடங்கி மடங்கி நிமிரும்போது குறைவாகச் சூடேறும். எளிதில் கிழியவும் கிழியாது. பாரம் சுமக்கும் டயருக்கு இந்த இரண்டும் உயிர்நாடி.

‘சூடு’ என்று சொன்னோமல்லவா? டயரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. ஓர் இரும்புக் கம்பியை எடுத்து, ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்துப் பாருங்கள். வளைந்த இடம் கை பொறுக்காத அளவுக்குச் சுடும். டயரும் அப்படித்தான். பாரம் ஏறிய டயரின் அடிப்பகுதி தரையில் படும்போது தட்டையாகிறது. மேலே போகும்போது மறுபடி வட்டமாகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இப்படி மடங்கி நிமிர்வதால் அது சூடேறுகிறது. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நாம் எண்ணெய் நிலையத்தில் காசு கொடுத்து ஊற்றிய டீசலிலிருந்து வந்தது. நிறை பாரத்தோடு தார்ச்சாலையில் சீராக ஓடும் லோரி எரிக்கும் டீசலில் மூன்றில் ஒரு பங்கு வரை டயர் உருள்வதற்கே போய்விடுகிறது. ஆகவே, அதிகமாய்ச் சூடேறும் டயர் டீசலையும் தின்கிறது, தன்னையும் தின்கிறது. ஒரே ஓட்டை என்று நாம் சொன்னது இதைத்தான்.

இனி, டயரின் உள்ளமைப்பைப் பார்ப்போம். கடையில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று பழைய வகை. அதில் நைலான் இழைகள் பாய் முடைவதுபோல் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காகப் படிந்திருக்கும். இதைக் குறுக்கிழை டயர் என்போம். பட்டறைகளில் நைலான் டயர் என்று சொல்வதும் உண்டு. மற்றொன்று ரேடியல் டயர். அதில் இழைகள் குறுக்கிடுவதில்லை. ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு, உரித்த ஆரஞ்சுப் பழத்தின் சுளைகள் போல, நேராக வளைந்து செல்லும். அதன்மேல், பீப்பாயைச் சுற்றி இரும்புப் பட்டை போடுவதுபோல, எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றியிருக்கும். பிரான்சு நாட்டு மிச்சலின் நிறுவனம் இதற்கு 1946-இல் காப்புரிமை பெற்றது.

குறுக்கிழை டயர் மடங்கும்போது இழைகள் ஒன்றோடொன்று உராயும். அதனால் சூடு அதிகம், டீசல் செலவும் அதிகம், தரையில் படும் பகுதி விரைவில் தேயும். ஆனால் அதன் பக்கச் சுவர் தடிப்பானது. கல்லிலும் கட்டையிலும் இடிபட்டாலும் தாங்கும். விலையும் குறைவு. ரேடியல் டயர் குறைவாகச் சூடேறும். எஃகுப் பட்டை இருப்பதால் அடிப்பகுதி தரையில் தட்டையாய்ப் படிந்து, மெதுவாகத் தேயும். டீசலும் மிச்சமாகும். ஆனால் அதன் பக்கச் சுவர் மெல்லியது. கூரிய கல்லோ வெட்டிய மட்டையின் அடியோ பக்கவாட்டில் குத்தினால் அந்த டயர் அதோடு முடிந்தது. அடிப்பகுதியில் ஆழமான வெட்டு விழுந்தாலும் கேடுதான். அந்த வெட்டு வழியாக நீர் புகுந்து, உள்ளேயிருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடிக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒருநாள் மேற்பகுதி அப்படியே உரிந்து பறக்கும்.

அப்படியானால் தோட்டத்து லோரிக்கு எதை வாங்குவது? இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். ‘எது உறுதியான டயர்?’ என்று கடைக்காரரிடம் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியே சரியில்லை. ‘என் லோரி ஓடும் பாதைக்கு எது உறுதியானது?’ என்று கேட்க வேண்டும். அதற்குமுன் நம்மை நாமே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முதற் கேள்வி: லோரி ஓடும் நூறு கிலோமீட்டரில் எத்தனை கிலோமீட்டர் மண்பாதை, எத்தனை கிலோமீட்டர் தார்ச்சாலை?

நம் மாணவரைக் கேட்டோம். “முழுக்க முழுக்கத் தோட்டத்து வேலைதான் ஐயா” என்றார். மீட்டரைப் பார்த்து எழுதிவரச் சொன்னோம். மறுநாள் அவரே வியந்துபோய் வந்தார். குலை ஏற்றும் இடத்திலிருந்து தோட்டத்து வாயில் வரை 5 கிலோமீட்டர் செம்மண் பாதை. அங்கிருந்து ஆலைக்கு 28 கிலோமீட்டர் தார்ச்சாலை. அதாவது நூற்றுக்கு 15 தான் மண், மிச்சம் 85 தார். உடம்பு குலுங்குவதும் வண்டி சிக்கிக்கொள்வதும் மண்பாதையில்தான் என்பதால், நாள் முழுதும் அங்கேயே ஓடுவதாக மனத்துக்குத் தோன்றியிருக்கிறது. மனக்கணக்கு வேறு, மீட்டர்க் கணக்கு வேறு.

அவர் என்ன செய்திருந்தார் தெரியுமா? ‘தோட்டத்துக்கு இதுதான் ஐயா பலம்’ என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஆறு சக்கரத்துக்கும் ஆழமான பள்ளமும் தடித்த கட்டையும் கொண்ட குறுக்கிழை டயர்களையே மாட்டியிருந்தார். சேற்றில் அவை நன்றாய்த்தான் பிடித்தன. ஆனால் நாள்தோறும் நாலு முறை 28 கிலோமீட்டர் தார்ச்சாலையில், அதில் இரண்டு முறை நிறை பாரத்தோடு, அவை சூடேறித் தேய்ந்தன. டீசலும் கரைந்தது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. டீசல் மிச்சமாகும் என்று நெடுஞ்சாலைக்கென்றே செய்த, பள்ளம் ஆழமில்லாத டயரை வாங்கிக் கொண்டுவந்து, கல் நிறைந்த செம்மண் பாதையில் விடுவார்கள். அதன் ரப்பர் மென்மையானது. கூரான கல் பட்டுத் துண்டு துண்டாய்ப் பெயர்ந்துவிடும். செம்பனை மட்டை முள்ளைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

அடிப்பகுதியின் வடிவத்தைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறோம். நீளவாக்கில் வரி வரியாய்ப் பள்ளம் ஓடுவது ஒரு வகை. இது எளிதாக உருளும், திசை திருப்பச் சொன்னபடி கேட்கும். ஆகவே முன் சக்கரத்துக்கு உரியது. குறுக்கே தடித்த கட்டைகள் நிற்பது இன்னொரு வகை. இது சேற்றைக் கடித்து இழுக்கும். ஆகவே எஞ்சின் தள்ளும் பின் சக்கரத்துக்கு உரியது. கட்டை எவ்வளவு உயரமோ அவ்வளவு ரப்பர் நெளியும்; சூடும் டீசலும் அவ்வளவு கூடும். பள்ளங்களில் கல் சிக்கிக்கொண்டால், சக்கரம் சுற்றச் சுற்ற அது ஆணி அறைவதுபோல் உள்ளே இறங்கும். நல்ல மண்பாதை டயரின் பள்ளத்தடியில் சிறுசிறு மேடுகள் இருக்கும். கல்லை வெளியே தள்ளவே அவற்றை வைத்திருக்கிறார்கள். வாங்கும்போது விரலால் தடவிப் பாருங்கள்.

இந்த இரு துருவங்களுக்கும் நடுவே, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ரேடியல் டயர்கள் இப்பொழுது கிடைக்கின்றன. அவற்றின் பக்கச் சுவர் தடிப்பாகவும், ரப்பர் வெட்டுக்கு ஈடு கொடுப்பதாகவும் இருக்கும். பள்ளம் நடுத்தர ஆழம். நம் மாணவரைப் போல நாளொன்றுக்கு இரண்டிலும் ஓடுபவர்களுக்குப் பின் சக்கரத்தில் இவையே பொருத்தம். தோட்டத்து எல்லையைத் தாண்டாத, மெதுவாய் ஓடும் வண்டிக்கு ஆழக் கட்டை டயரே போதும். அங்கே குறுக்கிழை டயரும் பழுதில்லை. பெரும்பாலும் தார்ச்சாலையில் ஓடி, எப்போதாவது தோட்டத்துக்குள் வருகிற லோரிக்குச் சாலை ரேடியலே நலம். உள்ளே வரும்போது மட்டும் மெதுவாய் வர வேண்டும். எதை வாங்கினாலும் ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் குறுக்கிழையும் மாட்டக் கூடாது. இரண்டும் இரண்டு விதமாய் நெளியும். லோரி நேராகப் போகாது.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு பாரம்?

டயரின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக ‘10.00 ஆர் 20’ என்றிருந்தால், டயரின் அகலம் ஏறக்குறைய 10 அங்குலம், உள்ளே மாட்டும் இரும்பு வளையத்தின் விட்டம் 20 அங்குலம் என்று பொருள். நடுவிலுள்ள ஆர் என்ற எழுத்து ரேடியல் என்பதைக் காட்டும். அந்த இடத்தில் வெறும் கோடு இருந்தால் குறுக்கிழை. அடுத்து ‘146/143 கே’ என்பதுபோல் இருக்கும். 146 என்றால் அந்த டயர் தனியாய் நிற்கும்போது 3,000 கிலோ தாங்கும். 143 என்றால் பின்புறம் இரட்டையாய் நிற்கும்போது ஒவ்வொன்றும் 2,725 கிலோ தாங்கும். கே என்பது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஆகாது என்பதற்கு அடையாளம்.

முன்னே இரண்டு, பின்னே நான்கு. கூட்டிப் பாருங்கள். முன்னே 6,000, பின்னே 10,900, மொத்தம் 16,900 கிலோ. இதில் லோரியின் சொந்த எடையும் அடக்கம் என்பதை மறந்துவிடக் கூடாது. சட்டம் அனுமதிக்கும் எடை இதிலும் குறைவாயிருந்தால் சட்டக் கணக்கே கணக்கு. ‘இன்னும் பத்துக் குலை ஏறினால் என்ன?’ என்று ஏற்றுவதெல்லாம் டயரின் தலையில்தான் விழுகிறது.

நான்கு எண்கள் கொண்ட இன்னொரு குறியும் இருக்கும். 2323 என்றிருந்தால், 2023-ஆம் ஆண்டு 23-ஆம் வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். மலிவாய்க் கிடைக்கிறதென்று வாங்கும் பழைய டயரில் இதை முதலில் பாருங்கள். மேலே பள்ளம் புதிதுபோல் இருந்தாலும், வெயிலில் கிடந்து வயதேறிய ரப்பர் வெடிப்பு விட்டிருக்கும்.

மூன்றாவது கேள்வி: ஒரு கிலோமீட்டருக்கு என்ன செலவு?

கடைச் சீட்டில் இருப்பது டயரின் விலையல்ல. அது முன்பணந்தான். உண்மையான விலை, அந்த டயர் ஓடி முடிந்த பிறகே தெரியும். வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கணக்குக்காக நாம் வைத்துக்கொள்பவை. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே செய்துபாருங்கள்.

முதல் டயர் 600 வெள்ளி. 30,000 கிலோமீட்டர் ஓடுகிறது. கிலோமீட்டருக்கு 2 காசு. இரண்டாம் டயர் 900 வெள்ளி; 75,000 கிலோமீட்டர் ஓடுகிறது. கிலோமீட்டருக்கு 1.2 காசு. ஆறு டயருக்கும் சேர்த்தால் முதல் வகைக்கு 12 காசு, இரண்டாம் வகைக்கு 7.2 காசு. நம் மாணவரின் லோரி நாளுக்கு இரண்டு நடை, மாதத்துக்கு 26 நாள் என்று, மாதம் ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர் ஓடுகிறது. ஆண்டுக்கு 40,800. முதல் வகையில் ஆண்டுச் செலவு 4,896 வெள்ளி. இரண்டாம் வகையில் ஏறக்குறைய 2,938 வெள்ளி. மலிவு என்று வாங்கியது ஆண்டுக்கு 1,958 வெள்ளி கூடுதலாய் வாங்கிவிட்டது.

இதோடு டீசலையும் சேர்ப்போம். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்றால் மாதம் 850 லிட்டர். நல்ல டயரால் நூற்றுக்கு ஐந்து மிச்சமானால் 42.5 லிட்டர். 2024 ஜூன் 10-ஆம் நாள் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஒரே நாளில் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். அதன்பின் விலை ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. கணக்குக்கு 3 வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 127 வெள்ளி 50 காசு. ஆண்டுக்கு 1,530 வெள்ளி. டயர், டீசல் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3,490 வெள்ளி. ஒரு தோட்டக் குடும்பத்துக்கு இது சிறு தொகையா? அடகுக் கடையிலிருந்து சங்கிலியை மீட்கும் தொகையல்லவா?

நல்ல கூடு உள்ள ரேடியலுக்கு இரண்டாம் பிறவியும் உண்டு. மேற்பகுதி தேய்ந்தபின் புது ரப்பர் ஒட்டி வேகவைத்து மறுபடி ஓட்டலாம். மலாயில் ‘செலுப்’ என்பது இதைத்தான். 350 வெள்ளி செலவில் இன்னும் 50,000 கிலோமீட்டர் ஓடினால், மொத்தம் 1,250 வெள்ளிக்கு 1,25,000 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 1 காசு! ஆனால் இதற்கு மூன்று நிபந்தனைகள். எம்.எஸ். 224 என்ற மலேசியத் தரத்துக்கு ஏற்பச் செய்ததாக இருக்க வேண்டும். கம்பி தெரியும்வரை ஓட்டாமல், மூன்று நான்கு மில்லிமீட்டர் பள்ளம் மிச்சமிருக்கும்போதே கழற்றிக் கொடுக்க வேண்டும். முன் சக்கரத்துக்கு அதை மாட்டாமல் பின் சக்கரத்துக்கே வைத்துக்கொள்ள வேண்டும். பின்னே ஒன்று வெடித்தால் பக்கத்து டயர் தாங்கும். முன்னே வெடித்தால் திசைமாற்றி கையை விட்டுப் போய்விடும்.

இத்தனையும் பார்த்துப் பார்த்து வாங்கிய டயரை ஒரே மாதத்தில் பாழாக்கும் வழி ஒன்று இருக்கிறது. அதுதான் காற்றுக் குறைவு. காற்றுக் குறைந்த டயர் அதிகமாய் நெளிகிறது. அதிகமாய் நெளிந்தால் அதிகச் சூடு. சூடேறினால் உள்ளேயுள்ள ரப்பரும் இழையும் பிரியும். இரண்டு ஓரங்களும் தேயும். காற்று மிகுந்தாலோ நடுப்பகுதி தேயும்; விறைத்து நிற்கும் ரப்பரைக் கல் எளிதில் வெட்டும்.

நம்மவர்கள் காற்றை எப்படிப் பார்க்கிறார்கள்? இரும்புக் கம்பியால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தைக் கேட்கிறார்கள். காற்றே இல்லாத டயரைத்தான் அப்படிக் கண்டுபிடிக்க முடியும். 110 பவுண்டு இருக்க வேண்டிய இடத்தில் 90 இருப்பதை எந்தக் காதும் சொல்லாது. பின்புற இரட்டையில் உள் டயர் காற்றிழந்தாலும் வெளி டயர் தூக்கிப் பிடித்துக்கொள்வதால் கண்ணுக்கும் தெரியாது. நம் மாணவரின் ஒன்பது டயர்களில் நான்கு அந்த உள் டயர்கள்தாம். ஒரு காற்றுமானி வாங்குங்கள். காலையில், வண்டி எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஓடி வந்த டயரில் சூட்டினால் அழுத்தம் கூடித்தான் இருக்கும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள். சேற்றிலிருந்து மீள்வதற்காகக் காற்றைக் குறைத்தால், தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி அடித்துவிட வேண்டும். இரட்டை டயர்கள் இரண்டும் ஒரே உயரமாய் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். இந்த அளவு டயருக்கு விட்டத்தில் அரை அங்குலத்துக்கு மேல் வேற்றுமை கூடாது. இடையில் கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஓட்டும் முறையிலும் ஒரு சொல். ஈர ரப்பரைக் கத்தி எளிதில் வெட்டும். ரப்பர்க் கட்டியை அறுப்பவர் கத்தியை நீரில் நனைத்துக்கொண்டு அறுப்பதைப் பார்த்திருக்கிறீர்களல்லவா? மழை பெய்த கல்பாதையில் ஒவ்வொரு கல்லும் நனைந்த கத்திதான். அங்கே வேகமும் வேண்டாம், நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுழலவிடுவதும் வேண்டாம். குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்க வேண்டும், தாமதித்தால் எண்ணெயின் தரம் கெடும் என்ற அவசரம் நமக்குத் தெரியும். ஆனால் டயர் வெடித்து நடுக்காட்டில் நிற்கும் லோரியைவிட மெதுவாய் வரும் லோரி முன்னதாகவே ஆலைக்குப் போய்ச் சேரும்.

நேயர்களே, இதைக் கொஞ்சம் கவனமாய்க் கேளுங்கள். 20 அங்குல டயர் பலவற்றில் உள்ளே டியூபும், வெளியே தனியாகப் பூட்டும் இரும்பு வளையமும் உண்டு. அந்த வளையம் சரியாய்ப் பதியாமல் காற்றடித்தால் அது பீரங்கிக் குண்டுபோல் பறக்கும். இதனால் உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு. காற்றில்லாமல் சிறிது தூரம் ஓடிய டயருக்கோ, உரிய அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்து ஓடிய டயருக்கோ, வீட்டு வாசலில் வைத்துக் காற்றடிக்கவே கூடாது. கழற்றி, உள்ளே பார்த்து, இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் அடிக்க வேண்டும். அடிப்பவர் எதிரே நிற்காமல் தள்ளி நிற்க வேண்டும். அப்பா டயர் மாற்றும்போது வேடிக்கை பார்க்கக் குழந்தைகள் கூடுவது நம் லயங்களில் வழக்கம். தாய்மார்களே, அந்த நேரத்தில் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய டயர்களை வாசலில் குவித்து வைக்கவும் வேண்டாம். அவற்றில் தேங்கும் மழைநீர்தான் டிங்கிக் கொசுவுக்குத் தொட்டில்.

அந்த இளைஞரின் கதையை முடித்துவிடுவோம். எல்லா டயரையும் ஒரே நாளில் மாற்ற அவரிடம் பணமில்லை. முதலில் முன் சக்கரம் இரண்டுக்கும் வரிப்பள்ள ரேடியல் வாங்கினார். உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் அது முதலில். பின் டயர்கள் தேயத் தேய, இரட்டை இரட்டையாகப் பொது ரேடியலுக்கு மாறினார். ஒரு காற்றுமானியும் வாங்கினார். நாம் அவருக்குக் கொடுத்தது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் மட்டுமே. அதில் தேதி, மீட்டர் எண், ஊற்றிய டீசல், ஆறு டயரின் காற்று அளவு, எந்த டயர் எந்த நாள் மாட்டியது என்று ஐந்து பத்திகள். அவர் காலையில் காற்றைப் பார்த்துச் சொல்ல, நாலாம் வகுப்புப் படிக்கும் அவர் மகள் எழுதுகிறாள். மாதக் கடைசியில் வகுத்துக் கணக்குப் போடுவதும் அவள்தான். தவணை இன்னும் முடியவில்லை. ஆனால் அதன்பின் ஒரு தவணையும் நிற்கவில்லை. சங்கிலி வீட்டுக்கு வந்துவிட்டது.

லோரி ஓட்டுபவருக்குக் களைப்பு இருக்கும். கணக்கெழுத நேரம் இருக்காது. அந்த நோட்டுப் புத்தகம் வீட்டிலிருப்போரின் பொறுப்பாகட்டும். நூறு கிலோமீட்டரில் மண் எவ்வளவு, தார் எவ்வளவு என்ற முதல் வரியை இன்றே எழுதிவிடுங்கள். அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது, அந்த ஒரு வரியைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.